வளரிளம் பிள்ளைகளுக்கான அரசு நிதியைக் கணக்குக் கேட்டுப் பெறுவது எப்படி?

பத்து வயது முதல் பத்தொன்பது வயது வரையிலான பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் அரசு எவ்வளவு செலவிடுகிறது என்று தமிழ்நாட்டின் எந்த அலுவலகத்தில் போய்க் கேட்டாலும் ஒற்றை எண்ணாக விடை கிடைக்காது. பணமே இல்லை என்பது அதற்குக் காரணம் அன்று; பணம் பல துறைகளின் கணக்குகளில் சிதறிக் கிடக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையும் நாப்கினும் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கணக்கில் வருகின்றன. மதிய உணவு சமூக நலத் துறையின் கணக்கில் இருக்கிறது. கழிப்பறை சில ஊர்களில் பள்ளிக் கல்வித் துறைக்கும் சில ஊர்களில் ஊரக வளர்ச்சித் துறைக்கும் உரியது. இந்தச் சிதறலே பெற்றோரை அலைக்கழிக்கிறது. ஒருவர் தலைமையாசிரியரிடம் கேட்டால் சுகாதார நிலையத்தைக் காட்டுவார். சுகாதார நிலையத்தில் கேட்டால் ஊராட்சியைக் காட்டுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்கள், ஊராட்சி வார்டு உறுப்பினர்கள், மகளிர் சுய உதவிக் குழுவினர், அக்கறையுள்ள பெற்றோர் ஆகியோரை மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. புதிய திட்டம் ஒன்றைக் கோரிப் போராடுவது எப்படி என்பதைப் பற்றி இதில் அதிகம் இல்லை. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பணம் உங்கள் ஊர்ப் பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பதும், சேராவிட்டால் எந்த இடத்தில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதும், அந்த இடத்தில் இருப்பவரிடம் எழுத்தில் கேட்பதுமே இதன் பொருள்.

முதலில் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்

"வளரிளம் பருவத்தினரின் நலன்" என்ற பெரிய தலைப்போடு எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். அந்தத் தலைப்பில் மத்திய அரசு 2014 ஜனவரி 7 அன்று தொடங்கிய ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டமே ஊட்டச்சத்து, பாலியல் மற்றும் இனப்பெருக்க நலம், மனநலம், காயங்களும் வன்முறையும், போதைப் பழக்கம், தொற்றா நோய்கள் என ஆறு பொருள்களை அடக்கியது. ஆறையும் ஒரே மனுவில் எழுதினால், அந்த மனு ஆறு மேசைகளுக்கும் போகாமல் முதல் மேசையிலேயே தங்கிவிடும். ஆகவே உங்கள் ஊரில் கண்ணால் பார்க்கக்கூடிய, கையால் எண்ணக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முறை முயல்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது நீலநிற இரும்புச்சத்து மாத்திரையைத்தான். அதை எண்ணுவது எளிது, அது போகும் பாதை தெளிவு, அதன் தேவையைப் பற்றி யாரும் சண்டை போட முடியாது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்பிள்ளைகளில் 59.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயது ஆண்பிள்ளைகளில் 31.1 விழுக்காட்டினருக்கு இருந்தது. முந்தைய கணக்கெடுப்பில் பெண்பிள்ளைகளுக்கான எண் 54.1 ஆக இருந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மாத்திரைத் திட்டம் நடப்பில் இருந்த ஆண்டுகளிலேயே எண் ஏறியிருக்கிறது.

மாத்திரையை எண்ணும் முறை

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு வாரம் ஒரு மாத்திரை; அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பல பள்ளிகளில் அது வியாழக்கிழமை மதிய உணவுக்குப் பின் தரப்படுகிறது. இத்துடன் ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்கத்துக்காக 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை உண்டு.

இப்போது கணக்கைப் போடுங்கள். உங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 312 பிள்ளைகள் படிப்பதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 52 வாரங்களுக்கு 16,224 மாத்திரைகள் வேண்டும். அல்பெண்டசோல் 624 வேண்டும். ஒரு தாளில் இந்த இரண்டு எண்களை மட்டும் எழுதிக்கொண்டு பள்ளிக்குப் போய், இருப்புப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் கேட்டால் மறுக்கும் தலைமையாசிரியர்கள் குறைவு. மறுத்தால், அடுத்த குழுக் கூட்டத்தில் கோரிக்கையை நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். பதிவேட்டில் மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: ஆண்டில் எத்தனை மாத்திரை வந்தது, எத்தனை கொடுக்கப்பட்டது, இப்போது அலமாரியில் எத்தனை இருக்கிறது. பிறகு அலமாரியைத் திறந்து, அட்டைகளின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பாருங்கள்.

வழிமுறையின் முக்கியமான படி இனிமேல்தான் வருகிறது. குறை மூன்று வகைப்படும். மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. ஒன்று, ஒதுக்கீடே இல்லை அல்லது போதவில்லை. இரண்டு, ஒதுக்கீடு இருந்தும் பொருள் வந்து சேரவில்லை. மூன்று, பொருள் வந்தும் பிள்ளையைச் சேரவில்லை. பெரும்பாலானவர்கள் எடுத்த எடுப்பில் முதல் வகை என்று முடிவு கட்டி, "நிதி ஒதுக்க வேண்டும்" என்று மனு எழுதுகிறார்கள். என் அனுபவத்தில் மாத்திரை விஷயத்தில் மூன்றாம் வகைதான் அதிகம். வெறும் வயிற்றில் ஒரு பிள்ளை மாத்திரை போட்டு வாந்தி எடுத்திருக்கும். மலம் கருத்துப் போனதைக் கண்டு ஒரு தாய் பயந்து வந்து பள்ளியில் சத்தம் போட்டிருப்பார். அதற்குப் பிறகு அந்த வகுப்பாசிரியர் மாத்திரையைக் கையில் கொடுத்து "வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள்" என்று சொல்லத் தொடங்கியிருப்பார். அன்று மாலை பள்ளிக்குப் பின்னால் உள்ள சாக்கடையில் நீலநிறத் தூளாக அரசின் முதலீடு கரைந்து போகும். இந்தக் குறைக்கு நிதிநிலை அறிக்கையில் தீர்வு கிடையாது. கிராம சுகாதார செவிலியர் ஒரு பெற்றோர் கூட்டத்துக்கு வந்து, மலம் கருப்பது இயல்பு, சாப்பிட்ட பின் போட்டால் குமட்டல் குறையும் என்று அரைமணி நேரம் பேசினால் போதும். அதற்கு ஆகும் செலவு தேநீர்ச் செலவுதான்.

இரண்டாம் வகையாக இருந்தால் பாதை வேறு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புத்தகம் உண்டு; ஆண்டுக்கு இன்ன தொகைக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரம்பு இருக்கும்; மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கழியும். மாத்திரை வரவில்லை என்றால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி "ஏன் வரவில்லை?" என்பதன்று. அந்தக் கேள்விக்கு "மேலிருந்து வரவில்லை" என்ற விடை எப்போதும் தயாராக இருக்கும். "எங்கள் பள்ளிக்கான தேவைப்பட்டியலை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், எத்தனை மாத்திரை என்று குறித்தீர்கள்?" என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் கேளுங்கள். பல நேரங்களில் முந்தைய ஆண்டின் மாணவர் எண்ணிக்கையை வைத்தே பட்டியல் போயிருக்கும். உங்கள் பள்ளி இடையில் மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்ந்திருந்தால் இரண்டு வகுப்புகள் கணக்கிலேயே இருக்காது.

ஒதுக்கீடே போதாத இடத்தை அறிவது

மாத்திரையில் பழகிய கணக்கை நாப்கினுக்கும் போடலாம். இங்கே விடை வேறு விதமாக வரும். 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயதுள்ள கிராமப்புறப் பெண்பிள்ளைகளுக்கு விலையில்லாமல் நாப்கின் தரப்படுகிறது. இரு மாதங்களுக்கு மூன்று பொதிகள், ஒரு பொதியில் ஆறு என்பது அதன் அளவு. ஆண்டுக்கு 18 பொதிகள், அதாவது 108 நாப்கின்கள். ஒரு மாதத்துக்கு ஒன்பது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று அதே துறையின் செவிலியர்தான் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அந்தச் சொல்லைக் கேட்டு நடக்கும் பிள்ளைக்கு, நான்கு நாள்கள் என்று குறைத்து வைத்தாலும் மாதம் பதினாறு வேண்டும். எல்லாப் பொதிகளும் ஒழுங்காக வந்து சேர்ந்தாலும் மாதம் ஏழு குறைகிறது என்பதை இந்தச் சிறு பெருக்கல் காட்டிவிடுகிறது. இதைக் கிராம செவிலியரிடமோ தலைமையாசிரியரிடமோ சொல்லிப் பயனில்லை; அளவை மாற்றும் அதிகாரம் துறையின் தலைமையிடத்துக்கே உண்டு. சட்டமன்ற உறுப்பினரிடம் கொடுக்க வேண்டிய மனு இது; துறைக்கான ஒதுக்கீட்டைச் சட்டமன்றம் எடுத்துக்கொள்ளும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும்.

நாப்கினோடு சேர்ந்து வரும் செலவுகளை மறந்துவிட்டுத் திட்டம் போடுவது பெரிய பிழை. நான் உறுப்பினராக இருந்த ஒரு பள்ளி மேலாண்மைக் குழு நாப்கின் எரிக்கும் மின்கருவி ஒன்றைக் கேட்டுப் பெற்றது. கருவி வந்த நாளில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அதைப் பொருத்திய சுவரில் மின்இணைப்பு இல்லை. இணைப்பு இழுத்தபோது கம்பி அந்தப் பளுவைத் தாங்கவில்லை. கம்பி மாற்ற யார் பணம் தருவது என்பது முடிவாகவில்லை. ஓராண்டு கழித்து நான் போய்ப் பார்த்தபோது அதன் மேல் துடைப்பமும் பாதி காலியான பிளீச்சிங் பவுடர் பையும் இருந்தன; பெண்பிள்ளைகள் பழையபடி சுற்றுச்சுவருக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள். தவறு எங்களுடையதுதான். கருவியைக் கேட்ட தாளில் மின்இணைப்பு, மின்கட்டணம், சாம்பல் அகற்றுபவர், பழுதுபார்ப்பு ஆகிய நான்கையும் நாங்கள் எழுதவே இல்லை. ஒருமுறைச் செலவைக் கேட்கும்போதெல்லாம் அதன் அடியில் தொடர்செலவை மாதக் கணக்கில் எழுதி, அதைத் தாங்கப்போவது யார் என்றும் எழுதுவது அன்று முதல் எங்கள் வழக்கமாகிவிட்டது.

கழிப்பறைக்கு அளவுகோல் ஒன்று கையில் இருக்கட்டும்: தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலின்படி 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறையும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடங்களும் கொண்ட ஓர் அலகு இருப்பது விரும்பத்தக்கது. எண்ணும்போது பூட்டியிருப்பதை எண்ணாதீர்கள். தண்ணீர் வராததை எண்ணாதீர்கள். தாழ்ப்பாள் இல்லாததையும் எண்ணாதீர்கள். எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் "மொத்தம் 8" என்று இருப்பது இப்படி எண்ணினால் மூன்றாகச் சுருங்கும். அந்த மூன்றுதான் நிதி கேட்கும்போது உங்களுக்கு உதவும் எண்.

பணம் எந்தப் பையில் இருக்கிறது

பள்ளிக்குள் இருக்கும் முதல் பை, பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசின் நிதியுதவித் திட்டமான சமக்ர சிக்ஷாவின் ஒருங்கிணைந்த பள்ளி மானியம். மாணவர் எண்ணிக்கை 30 வரை என்றால் ஆண்டுக்கு ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கும் மேல் ரூ.1,00,000 என்பது அதன் நெறி. இதில் பத்து விழுக்காட்டையாவது தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். நாம் மேலே எடுத்துக்கொண்ட 312 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு அது ரூ.7,500. இந்தத் தொகை என்ன ஆனது என்று கேட்பதற்கு முன், அந்த ஆண்டு மானியம் பள்ளிக் கணக்குக்கு வந்ததா என்று கேட்டுவிடுவது நியாயம். இத்திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கான தமிழ்நாட்டின் பங்கு ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்திவைத்தது ஊரறிந்த செய்தி. வராத பணத்துக்குத் தலைமையாசிரியரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பது வீண்.

இரண்டாம் பை கிராம சுகாதாரம், ஊட்டச்சத்து ஆகியவற்றுக்கான குழுவிடம் இருக்கிறது. தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் கீழ் அந்தக் குழுவுக்கு ஆண்டுக்கு ரூ.10,000 வரை கட்டுப்பாடற்ற நிதி உண்டு. சிறிய தொகைதான். ஆனால் எடை பார்க்கும் கருவி, உயர அளவுகோல், தண்ணீர்த் தொட்டிக்கு மூடி, குழாய் மாற்றுதல் போன்ற ஆயிரம் இரண்டாயிரம் வேலைகளுக்கு மேலதிகாரியின் அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. அப்படியொரு குழு தங்கள் ஊரில் இருப்பதே தெரியாத வார்டு உறுப்பினர்கள் உண்டு.

மூன்றாவது, ஊராட்சியின் சொந்த நிதியும் நிதிக்குழு மானியங்களும். பதினைந்தாவது நிதிக்குழு, 2021-26 காலத்துக்கு ஊரக உள்ளாட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் எனக் கட்டி வைத்தது. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் கொண்டுபோவது இந்த இரண்டு தலைப்புக்குள்ளும் பொருந்தும். இதற்கு வழி, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அந்த வேலை பெயரோடு இடம்பெறுவது. திட்டம் இப்போது ஒன்பது கருப்பொருள்களின் கீழ்த் தயாராகிறது. அவற்றில் நலமான கிராமம், குழந்தை நேயக் கிராமம், மகளிர் நேயக் கிராமம் என்ற மூன்றும் நமக்கு உரியவை. இவை போதாத கட்டுமானப் பணிகளுக்குச் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு ரூ.3 கோடி.

கிராம சபையில் எழுதும் வாசகம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறிலும் ஒரே கோரிக்கையை எழுப்பலாம். ஆயினும் அடுத்த ஆண்டின் வளர்ச்சித் திட்டத்துக்கான வேலைப்பட்டியல் உருவெடுப்பது அக்டோபர் 2 சபையை ஒட்டித்தான் என்பதால், அந்த ஒரு சபைக்கு முழுத் தயாரிப்புடன் போவது நல்லது. உங்களோடு எத்தனை தாய்மார்கள் வருகிறார்கள் என்பதும் முக்கியம். ஊரின் மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் சபை செல்லுபடியாகக் குறைந்தது 100 பேர் வந்திருக்க வேண்டும். கூட்டம் சேராத சபையில் நிறைவேறிய தீர்மானத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிடலாம்.

தீர்மானத்தின் வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். "மாணவிகளின் சுகாதாரத்தை மேம்படுத்த நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் எங்கள் பக்கத்து ஊராட்சியில் மூன்று சபைகளில் தொடர்ந்து நிறைவேறியது. மூன்று முறையும் கைதட்டினார்கள். ஒரு குழாய்கூட மாறவில்லை. நான்காம் முறை ஓர் ஓய்வுபெற்ற ஃபிட்டர் எழுதித் தந்த வாசகம் இப்படி இருந்தது: "அரசு மேல்நிலைப் பள்ளிப் பெண்கள் கழிப்பறைக்கு 1,000 லிட்டர் தொட்டி ஒன்றும், அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஒன்றும், தெருக்குழாயிலிருந்து 40 மீட்டர் பைப்லைனும் அமைத்து, மாதாந்திர மின்கட்டணத்தை ஊராட்சிப் பொது நிதியிலிருந்து செலுத்த இச்சபை தீர்மானிக்கிறது." அதை எஸ்டிமேட்டாக மாற்றப் பொறியாளருக்கு ஒரு மதியம் போதுமானதாக இருந்தது. தீர்மானம் நிறைவேறியதும் அதன் எண்ணையும் தேதியையும் குறித்துக்கொண்டு, பதிவேட்டுப் பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் உள்ள ஊராட்சிகளில், தீர்மானத்தின் நகலை ஒரு மூடுகடிதத்துடன் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குவது மேலும் அவசியம்.

நிதிநிலை அறிக்கையைப் படிக்கும் முறை

மாநில அளவில் கேட்க வேண்டிய குறைகளுக்கு மானியக் கோரிக்கைப் புத்தகங்களைத் திறக்க வேண்டும். மக்கள் நல்வாழ்வுக்கு எண் 19, ஊரக வளர்ச்சிக்கு 42, பள்ளிக் கல்விக்கு 43, சமூக நலத்துக்கு 45. நிதித் துறையின் இணையதளத்தில் இவற்றை இறக்கிக்கொள்ளலாம். பக்கங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியவை உங்கள் திட்டத்தின் ஒற்றை வரியும் அதற்கு எதிரே உள்ள மூன்று வகை எண்களும்தான். முதலில் வருவது உண்மையில் செலவான கணக்கு; அது இரண்டு ஆண்டு பழையதாக இருக்கும். அடுத்து, நடப்பாண்டின் தொடக்க மதிப்பீடும் திருத்திய மதிப்பீடும். கடைசியில், வரும் ஆண்டுக்கான மதிப்பீடு. செய்தித்தாள்கள் கடைசி எண்ணைத் தலைப்பாக்கும். நீங்கள் தொடக்க மதிப்பீட்டையும் திருத்திய மதிப்பீட்டையும் ஒப்பிடுங்கள். திருத்தியது கீழே இறங்கியிருந்தால், ஒதுக்கிய பணத்தைத் துறையால் செலவிட முடியவில்லை, அல்லது நடுவழியில் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். புதிதாகப் பணம் கேட்பதைவிட, "ஒதுக்கியதை ஏன் குறைத்தீர்கள்?" என்று கேட்பது அதிகாரிகளுக்கு அதிகச் சங்கடம் தரும் கேள்வி.

துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அந்த எண்களோடு சேர்த்துப் படியுங்கள். திட்டத்தின் அளவும் பயனாளிகளின் எண்ணிக்கையும் அதில்தான் இருக்கும். அறிவிப்பை ஊர்க் கணக்குக்கு இறக்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி படிப்படியாகச் செலுத்தப்படும் என்று அறிவித்து ரூ.36 கோடி ஒதுக்கினார்கள். "படிப்படியாக" என்ற சொல்லில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. முதற்கட்டத்தில் எந்த மாவட்டங்கள், எங்கள் மாவட்டம் எந்தக் கட்டத்தில், இந்த ஆண்டு 14 வயதைக் கடக்கும் பிள்ளை அடுத்த கட்டத்தில் சேர்க்கப்படுவாளா என்ற மூன்று கேள்விகளையும் மாவட்ட சுகாதார அலுவலரிடம் கேட்க வேண்டும்.

ஒன்றிய அரசு 2008-09 முதல் குழந்தைகளுக்கான ஒதுக்கீடுகளைத் தனி அறிக்கையாக வெளியிடுகிறது. செலவு விவர நூலில் 12ஆம் அறிக்கை அது. பயனுள்ளதுதான். ஆனால் அதில் குழந்தை என்பது பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் மட்டுமே. பதினெட்டு, பத்தொன்பது வயதினர் அங்கும் இல்லை, பெரியவர்களுக்கான திட்டங்களில் தனியாக அடையாளம் காட்டப்படுவதும் இல்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது

வாயால் கேட்டு விடை வராதபோது மட்டும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுங்கள். எடுத்ததுமே அதை நீட்டினால் நாளைக்கு நட்போடு உதவக்கூடிய செவிலியரும் முகம் திருப்பிக்கொள்வார். ரூ.10 நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முப்பது நாள்களுக்குள் விடை வர வேண்டும். வராவிட்டாலோ விடை சரியில்லாவிட்டாலோ அடுத்த முப்பது நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் தொண்ணூறு நாள்களுக்குள் தகவல் ஆணையம். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால் உரிய அலுவலகத்துக்கு அவர்களே ஐந்து நாள்களுக்குள் மாற்றி அனுப்ப வேண்டும் என்பது பலருக்குத் தெரியாத வசதி.

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளை இதில் எழுதாதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். "கடந்த நிதியாண்டில் இப்பள்ளிக்கு வழங்கப்பட்ட நாப்கின் பொதிகளின் எண்ணிக்கை, வழங்கிய தேதிகள், பெற்றுக்கொண்டவரின் கையொப்பமுள்ள பதிவேட்டுப் பக்கங்களின் நகல்" என்பது நல்ல கேள்வி. 140 பெண்பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 2,520 பொதிகள் வர வேண்டும். வந்த நகலில் ஆறு தேதிகளும் தேதிக்கு 420 பொதிகளும் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

எந்தக் கணக்கிலும் வராத பிள்ளைகள்

இதுவரை சொன்னதெல்லாம் பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பொருந்தும். வராத பிள்ளைக்குப் பள்ளி வழியாக வரும் மாத்திரையும் இல்லை, ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவின் பரிசோதனையும் இல்லை. பள்ளிக்கு வெளியே உள்ள பெண்பிள்ளைகளுக்கென இருந்த வளரிளம் பெண்கள் திட்டமும் இப்போது வடகிழக்கு மாநிலங்களுக்கும், 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று ஒன்றிய அரசு பட்டியலிட்ட பின்தங்கிய மாவட்டங்களுக்கும் மட்டுமே என்று சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டில் விருதுநகரும் இராமநாதபுரமும் மட்டுமே அந்தப் பட்டியலில் உள்ளன. ஆண்பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பத்தாம் வகுப்போடு நின்று பட்டறைக்கோ செங்கல் சூளைக்கோ போன பதினாறு வயதுப் பையனுக்கென்று எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி கிடையாது.

பள்ளிக்குள்ளேயே ஓர் இடைவெளி இருக்கிறது. 1982இல் தொடங்கி இன்றுவரை விரிந்துவந்த சத்துணவு பத்தாம் வகுப்போடு நிற்கிறது. எட்டாம் வகுப்பு வரைதான் ஒன்றிய அரசின் பங்கு. ஒன்பதுக்கும் பத்துக்கும் மாநிலம் தன் பணத்தில் சமைக்கிறது. பதினொன்று, பன்னிரண்டில் படிக்கும் பிள்ளை, அதே வளாகத்தில் அதே முட்டையின் மணத்தை நுகர்ந்துகொண்டு கடந்து போகிறது. உயரமும் எடையும் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும் வயது அது. இது முதல் வகைக் குறை, அதாவது ஒதுக்கீடே இல்லாத குறை. இதை ஊரில் தீர்க்க முடியாது; மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும்.

அப்படி மேலே கேட்கும்போது மட்டும் உலகளாவிய ஆய்வுகள் பயன்படும். 2017இல் லான்செட் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் வளரிளம் பருவத்தினரின் உடல், மன, பாலியல் நலத்துக்கு ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 4.6 டாலர் முதலிட்டால் பத்து மடங்குக்கும் மேலான பலன் திரும்பும் என்று மதிப்பிட்டது. ஆட்சியரிடமோ சட்டமன்ற உறுப்பினரிடமோ தரும் மனுவில் இதை ஒரு வரியாகச் சேருங்கள். கிராம சபையில் சொல்ல வேண்டாம். அங்கே 40 மீட்டர் பைப்லைனுக்குத்தான் மதிப்பு.

ஊராட்சி அளவில் நீங்கள் செய்யக்கூடியது, பள்ளிக்கு வெளியே உள்ள பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிப்பது. அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பப் பதிவேட்டில் 10 முதல் 19 வயதுள்ளவர்களின் எண்ணிக்கையை எடுத்து, அதிலிருந்து பள்ளி, கல்லூரியில் படிக்கிறவர்களைக் கழித்தால் மிஞ்சுவதே அந்தப் பட்டியல். பெயர்களை ஊர் முழுக்கப் பரப்பாதீர்கள்; சுகாதார செவிலியரிடம் மட்டும் கொடுங்கள். அவர் தம் தேவைப்பட்டியலில் அந்த எண்ணைச் சேர்த்துவிட்டால், அடுத்த முறை கிடங்கிலிருந்து வரும் மாத்திரையில் அந்தப் பையனுக்கும் 52 இருக்கும்.

மனநலத்தைப் பொறுத்தவரை எண்ணுவதற்கு மாத்திரை அட்டை இல்லை என்பதால் கணக்கு கடினம். ஆலோசகர் மாதத்தில் எத்தனை நாள் வந்தார், பிள்ளையோடு தனியாகப் பேச ஓர் அறை இருந்ததா என்ற இரண்டை மட்டும் பாருங்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். அறிவிப்புப் பலகையில் எழுதினால், நண்பர்கள் பார்க்க நின்று படிக்கவோ குறித்துக்கொள்ளவோ எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது.

மார்ச் மாதத்தில் செய்ய வேண்டியது

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. பிப்ரவரி இறுதியிலேயே பள்ளி மானியம், கிராம சுகாதாரக் குழுவின் நிதி ஆகிய இரண்டிலும் எவ்வளவு மீதி என்று கேட்டுவிடுங்கள். மார்ச் கடைசி வாரத்தில் கேட்டால், அவசர அவசரமாக வாங்கிய சுவரொட்டிகளும் பிளெக்ஸ் பலகையும்தான் கணக்கில் இருக்கும். மாவட்ட நலவாழ்வுத் திட்டம் 2022-24 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தயாராவதால், அந்தச் சுழற்சி தொடங்குவதற்கு முந்தைய நவம்பர், டிசம்பர் மாதங்களில் உங்கள் வட்டாரத்தின் கோரிக்கை மாவட்ட சுகாதார அலுவலரின் மேசையில் இருக்க வேண்டும். தவறினால் இரண்டு ஆண்டு போய்விடும்.

இவ்வளவையும் ஒரு நீளக் கோப்பில் வையுங்கள்: முதல் பக்கத்தில் மாணவர் எண்ணிக்கையும் அதற்குரிய மாத்திரை, நாப்கின், கழிப்பறைக் கணக்கும், அடுத்து பதிவேட்டு நகல்கள், பிறகு தீர்மானங்கள், மனுக்கள், ஒப்புகைகள். உங்கள் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வெளியேறும்போது குழுவில் உங்கள் இடமும் முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஏழாம் வகுப்பில் பிள்ளையை வைத்திருக்கும் ஒரு தாயைத் தேடிப் பிடித்து, இரண்டு முறை உடன் அழைத்துப் போய் அலமாரியைத் திறந்து மாத்திரையை எண்ணக் காட்டிவிட்டு, கோப்பை அவரிடம் கொடுங்கள்.